மனோரஞ்சிதக் கொடி: கொக்கி வந்தால்தான் பூ வரும்

"நர்சரியில் வாங்கி நட்ட மனோரஞ்சிதம் மூன்று வருடமாகச் சுற்றுச்சுவரை ஒட்டித் தளதளவென்று தழைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை கத்தரித்து ஒழுங்காக வைத்திருக்கிறோம், உரமும் போடுகிறோம். ஒரு பூகூட வரவில்லையே, ஏன்? மாடியில் தொட்டியில் வைக்கலாமா? பாம்பு வரும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், மாதாமாதம் கத்தரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கொடி பூக்காததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இது ஒன்றே போதுமான காரணம்.

மனோரஞ்சிதத்தின் முற்றிய கிளையை எடுத்துப் பாருங்கள். சில இலைகளுக்கு நேர் எதிர்ப்புறத்தில், தட்டையாக, கீழ்நோக்கி வளைந்த ஒரு கொக்கி இருக்கும். பலரும் அதை முள் என்றோ பற்றுக்கம்பி என்றோ நினைக்கிறார்கள். அது பூங்காம்பு. மொட்டு அந்தக் கொக்கியின் வளைவில்தான் பிறக்கும், ஒன்று அல்லது இரண்டாக. அதே கொக்கி பக்கத்தில் இருக்கும் கம்பியிலோ கிளையிலோ மாட்டிக்கொண்டால் தடித்து மரம்போல் இறுகி, கொடியின் பாரத்தையும் தாங்கும். பூப்பதும் ஏறுவதும் ஒரே உறுப்பின் வேலை என்பதால், கொக்கி இல்லாத கிளையில் பூவை எதிர்பார்க்க முடியாது. நீண்டு வளர்ந்து முற்றிய பக்கக் கிளைகளில்தான் கொக்கி உருவாகும். நீங்கள் மாதம் ஒருமுறை நுனியை வெட்டும்போது, கொக்கி விடவேண்டிய கிளை அந்த வயதை எட்டுவதற்குள் போய்விடுகிறது. செடி மறுபடி இளந்தளிரில் இருந்து தொடங்குகிறது. பார்க்கப் பச்சையாக, அடர்த்தியாக இருக்கும், பூ இருக்காது.

ஆகவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் உங்கள் கொடியில் கொக்கிகளைத் தேடுங்கள். கீழிருந்து அல்ல, மேலே வெயில் படும் பக்கக் கிளைகளில். கொக்கிகள் இருந்தால் கொடி தயாராகிவிட்டது, வெயிலையும் உரத்தையும் சரிசெய்தால் போதும். ஒன்றுகூட இல்லையென்றால் மூன்று சாத்தியங்கள்: கொடிக்கு வயது போதவில்லை, வெட்டி வெட்டியே கெட்டுவிட்டது, அல்லது உங்களிடம் இருப்பது வேறு செடி.

கடைசியாகச் சொன்னது நிறையவே நடக்கிறது. மனோரஞ்சிதம் என்ற பெயரில் நர்சரிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்கப்படுகின்றன. இலாங்-இலாங் என்னும் வாசனை எண்ணெய் மரமும் அதன் குட்டை ரகமும் இந்தப் பெயரில் கிடைக்கும். அவையும் சீதாப்பழக் குடும்பம்தான், மணமும் நன்றாகவே இருக்கும், ஆனால் கொடி அல்ல, இதழ்கள் நாடாப்போல் தொங்கும். கொடி மனோரஞ்சிதத்தின் பூவுக்கு ஆறு தடித்த இதழ்கள், மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில். உள்ளடுக்கின் அடிப்பகுதி மகரந்தத்தின் மேல் சிறு அறைபோல் மூடியிருக்கும், சிறு வண்டுகள் உள்ளே புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்யும். வாங்கும்போது பூ இல்லையென்றால் கொக்கியைக் கேளுங்கள். தாய்க் கொடியையோ, கொக்கி விட்ட ஒரு கிளையையோ காட்டச் சொல்வதில் தவறில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பூக்கவில்லை என்று சொல்பவர்கள் சிலரின் கொடி பூத்துத்தான் இருக்கும், கண்ணில் பட்டிருக்காது. மொட்டும் இளம்பூவும் இலையின் அதே பச்சை. பல நாள் பச்சையாகவே, மணமில்லாமல், இலைக்கடியில் தொங்கும். முற்றி மஞ்சளாகும்போதுதான் வாசனை விடும், அதுவும் சில நாள்தான். சாயங்காலம் கொடிக்கு அடியில் நின்று மேல்நோக்கிப் பாருங்கள். மூக்கு காட்டும் திசையில் தேடுவதுதான் இந்தப் பூவைக் கண்டுபிடிக்கும் வழி.

வயதைப் பற்றி. விதையிலிருந்து வந்த கன்று பூக்கச் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும், நிழலில் இருந்தால் இன்னும் கூட. பதியக் கன்று, அதாவது தாய்க் கொடியில் இருக்கும்போதே கிளையை வேர்விடச் செய்து பிரித்த கன்று, ஏற்கெனவே பூத்த கிளையிலிருந்து வருவதால் ஒன்று இரண்டு வருடத்தில் பூக்கத் தொடங்கிவிடும். உங்களுடையது விதைக்கன்றா பதியமா என்று நர்சரியில் சொல்லியிருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். விதைக்கன்று என்றால் மூன்று வருடமாகியும் பூக்காததில் கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி எப்படி வெட்டுவது. வருடத்தில் ஒரே ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதக் கடைசியிலிருந்து மாசிக்குள். பங்குனி, சித்திரையில் வரும் புதுத்தளிர் அதற்குப்பின் வெட்டுப்படாமல் முற்ற வேண்டும். முதலில் காய்ந்தவை, பின்னிக்கொண்டவை, உள்நோக்கிச் செல்பவை. பிறகு அடியிலிருந்து நேராக, விரல் பருமனில், இலை நெருக்கமில்லாமல் விர்ரென்று கிளம்பும் போத்துகள். அவற்றில் பந்தலை நிரப்பத் தேவையான ஒன்று இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தண்டோடு ஒட்ட அறுத்துவிடுங்கள், பாதியில் நறுக்கினால் ஒன்று நாலாகும். கொக்கி விட்ட பக்கக் கிளைகளைத் தொடவே வேண்டாம். மிக நீண்டு தொல்லை கொடுத்தால் கடைசிக் கொக்கிக்கு அப்பால் இரண்டு இலை விட்டு வெட்டுங்கள். எந்த வருடமும் மொத்தப் பச்சையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். காய்ந்துபோனதுபோல் தெரியும் பழைய கொக்கிகளைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று பிய்ப்பதும் வேண்டாம், கொடி அவற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வெயில்: புத்தகங்களில் அரைநிழல் தாங்கும் என்றிருக்கும். தாங்கும், உயிரோடிருக்கும், இலை கரும்பச்சையில் பளபளக்கும். பூவுக்கு நாலைந்து மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். காலை வெயில் முழுதும் கிடைத்து, பிற்பகல் இரண்டு மணிக்குப்பின் நிழல் விழும் கிழக்குப் பக்கம் மிகச் சிறந்தது. உங்கள் சுவர் வடக்கு நோக்கியது என்றால், கொடியின் தலை சுவரைத் தாண்டி வெயிலுக்கு எட்டும்வரை மேலே போக விடுங்கள். வேர் நிழலில் இருந்தாலும் பரவாயில்லை, தலை வெயிலில் இருக்க வேண்டும்.

இந்தக் கொடி எதில் ஏறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கொக்கியால் சுவரைப் பிடிக்க முடியாது, நாலு அங்குலக் குழாயையும் பிடிக்க முடியாது. விரல் பருமனோ அதற்குக் குறைவோ உள்ள எதையும் பிடிக்கும். அதே சமயம் பத்து வருடத்தில் அடித்தண்டு மணிக்கட்டுப் பருமனாகி, மழையில் நனைந்த பச்சை பெரும் பாரமாகும். எனவே சட்டம் வலுவாகவும், கொக்கி பிடிக்க மெல்லியதும் வேண்டும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயில் எட்டடி உயரக் கால்கள், ஒவ்வொன்றும் இரண்டடி ஆழம் கான்கிரீட்டில். அவற்றுக்கிடையே ஒன்றரை அடிக்கு ஒன்றாக எட்டு கேஜ் கம்பி. சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி அமையுங்கள், பின்னால் காற்று ஓடாவிட்டால் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் அங்கேதான் குடியேறும். மூங்கில் பந்தல் போடுவது வீண் செலவு. மூன்றாம் வருடம் மூங்கில் உளுக்கும்போது கொடி இறுகப் பிடித்திருக்கும், கழற்றி மாற்ற வழியிருக்காது. கொக்கி வரும்வரை சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டிவிடுங்கள், கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது பட்டையை அறுக்கும்.

சட்டமே இல்லாமலும் வளர்க்கலாம். தன் கிளையில் தானே கொக்கி மாட்டிக்கொண்டு ஆறேழு அடிப் புதராக நிற்கும். இடம் இருந்தால் அதுதான் குறைந்த வேலை, பூவும் கை எட்டும் உயரத்தில் கிடைக்கும்.

புதிதாக நடுவதானால் ஆடி, ஆவணி நல்ல காலம். இரண்டடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து ஒரு வாரம் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு பத்து கிலோ நன்கு மக்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு, களிமண் நிலமானால் இரண்டு மூன்று சட்டி ஆற்று மணலோ எம்-சாண்டோ கலந்து நிரப்புங்கள். கன்றின் வேர்க்கழுத்து பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். ஆழமாகப் புதைத்தால் கழுத்து அழுகும். நட்ட முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பிறகு வேர் பிடித்தபின் கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை, மழையில் தேவையில்லை. தண்டைச் சுற்றி அரையடி தள்ளி, காய்ந்த இலைகளை இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். இது காட்டோரத்துக் கொடி, வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருப்பதை விரும்பும். ஊட்டிபோல் உறைபனி விழும் இடங்களில் திறந்த வெளியில் ஒத்துவராது.

உரம் போடுகிறோம் என்கிறீர்கள், என்ன உரம் என்று சொல்லவில்லை. யூரியாவோ, வாராவாரம் மீன் அமிலமோ (மீன் கழிவை வெல்லத்தோடு நொதிக்கவைத்த கரைசல்) என்றால் தழைச்சத்துதான் (நைட்ரஜன்) போய்க்கொண்டிருக்கிறது, இலையாகத்தான் வரும். நிலத்தில் உள்ள மூன்று வருடக் கொடிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்புழு உரம் ஒரு கிலோ, வேப்பம் புண்ணாக்கு நூறு கிராம், எலும்புத் தூள் ஐம்பது கிராம் போதும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக மண்ணைக் கீறிக் கலந்து தண்ணீர் விடுங்கள். மாசியில் கத்தரித்தபின் மட்டும் இதை இரட்டிப்பாகக் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை லிட்டருக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யம் தெளிப்பது தளிரை ஆரோக்கியமாக வைக்கும். சாம்பல் போடச் சொல்வார்கள். சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டுதான், ஆனால் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் வீடுகளில் சாம்பல் மண்ணின் காரத்தை இன்னும் ஏற்றும்.

போர் தண்ணீர் இந்தக் கொடிக்கு உண்மையான எதிரி. மண் காரமாகும்போது இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலைகளில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி வெளிறிய மஞ்சளாக மாறும். பழைய இலை மஞ்சளாவது வேறு, அது தழைச்சத்துக் குறைவோ இயல்பான உதிர்தலோ. இளம் இலை வெளிறினால், ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) ஐந்து கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு கிராம் கரைத்து, வெயில் இறங்கியபின் இலையின் இருபுறமும் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. இது தற்காலிக வைத்தியம். நிரந்தரத் தீர்வு மக்கிய உரத்தைத் தொடர்ந்து சேர்ப்பதும், மழைநீரையோ குடிநீரையோ வாரம் ஒருமுறையாவது கொடுத்து உப்பைக் கழுவி இறக்குவதும்தான். இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகுவதும் இந்த உப்பின் வேலையே.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொய்ந்து மஞ்சளானால் இன்னும் தண்ணீர் விடாதீர்கள். அது தேங்கிய நீரில் வேர் மூச்சுத் திணறுவது. வடிகால் வெட்டுங்கள், பத்து நாள் காயவிடுங்கள்.

மாடியில் வளருமா என்றால், வளரும், பூக்கும், நிலத்தில் கிடைக்கும் அளவு அல்ல. பதியக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள், விதைக்கன்றைத் தொட்டியில் வைத்துக் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். பதினெட்டு அங்குலத் தொட்டிக்குக் குறையக்கூடாது. நூறு லிட்டர் டிரம் இன்னும் நல்லது, ஆனால் ஈரமண்ணோடு அது நூற்றைம்பது கிலோவை நெருங்கும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ போகும் இடத்தில் வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு நுனியைக் கருக்கும். அடியில் விரல் நுழையும் அளவு ஐந்தாறு துளைகள், டிரம்மை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கோடையில் தினம் காலை தண்ணீர், வெளியேறும் வரை. நிலத்துக்குச் சொன்ன உரத்தில் கால் பங்கை மாதம் ஒருமுறை கொடுங்கள், தொட்டியில் தண்ணீரோடு சத்தும் வடிந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் சிமெண்ட் தளத்தின் சூடு வேரை வேகவைக்கும், டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவது நல்ல பலன் தரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேல்மண்ணை நாலு அங்குலம் எடுத்துவிட்டுப் புது உரமண் போடுங்கள்.

புதுக் கன்று உருவாக்க, பூக்கும் கொடி ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் பதியம் போடக் கேளுங்கள். வெட்டுக்குச்சியில் வேர் பிடிப்பது அரிது. தரைப்பதியம் எளிது: தரையை எட்டும் பென்சில் கனக் கிளையில் கணுவுக்குச் சற்றுக் கீழே, அடிப்புறமாக, மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குச் சாய்வாகக் கீறி, கீறலில் ஒரு சிறு கல்லை இடுக்கி, மூன்று அங்குல மண்ணுக்குள் புதைத்து மேலே செங்கல் வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். ஈரம் காயாமல் இருந்தால் மூன்று நாலு மாதத்தில் வேர் விடும். கிளை தரையை எட்டாவிட்டால் விண்பதியம். ஆடியிலிருந்து ஐப்பசிக்குள், காற்றில் ஈரம் இருக்கும்போது செய்யுங்கள். ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தைக் கத்தி முதுகால் நன்றாகச் சுரண்ட வேண்டும். இதை அரைகுறையாகச் செய்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பெரும்பாலான தோல்விக்குக் காரணம் இதுவே. வளையத்தின் மேல் விளிம்பில் வேர் ஊக்கித் தூளைத் தடவி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் நார்க்கழிவோ பாசியோ ஒரு கைப்பிடி வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அது பழுப்பாகும் வரை பொறுத்து, கட்டுக்குக் கீழே வெட்டி, இலையில் பாதியைக் குறைத்து, பையில் நட்டு ஒரு மாதம் நிழலில் வையுங்கள்.

விதையில்தான் செய்வேன் என்றால், கொத்தாகத் தொங்கும் காய் மஞ்சளாகிப் பழுத்தபின் எடுங்கள். ஒவ்வொரு பழத்திலும் பெரும்பாலும் இரண்டு விதை. சதையைக் கழுவிவிட்டு உடனே, ஒருநாள் ஊறவைத்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மணல் கலந்த மண்ணில் போடுங்கள். காயவைத்துச் சேமித்த விதையில் முளைப்பு குறைந்துவிடும். முளைக்க ஒன்று முதல் மூன்று மாதம், சில விதை அதற்கு மேலும் எடுக்கும். ஆறு வாரத்தில் நம்பிக்கை இழந்து தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

பூச்சித் தொல்லை குறைவு. தண்டிலும் இலை நரம்பிலும் ஒட்டும் செதில் பூச்சி, கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி, அவை சுரக்கும் இனிப்பு நீரின் மேல் படியும் கரும்பூசணம், இவ்வளவே. எறும்பு வரிசையாக ஏறினால் இவை வந்துவிட்டன என்று பொருள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் குழைத்துத் தண்ணீரில் கலந்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் சாயங்காலத்தில் தெளியுங்கள். பூ மஞ்சளாகும் நாட்களில் தெளிக்க வேண்டாம், மணம் கெடும். தளிரைத் தின்னும் புழு ஒன்று வரும். நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் வளரும் அதே புழுதான், கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகள் கொண்ட டெயில்டு ஜே வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. வளர்ந்த கொடிக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை, விட்டுவிடுங்கள். சிறு கன்றானால் மட்டும் எடுத்து நெட்டிலிங்கத்தில் விடலாம்.

நினைத்த பழத்தின் வாசனை வரும் என்று சொல்வதற்கு அடிப்படை உண்டு. பழுத்த வாழை, பலா, அன்னாசியில் மணம் தரும் எஸ்டர் வகைச் சேர்மங்கள் இந்தப் பூவிலும் இருக்கின்றன. அவற்றில் எதை மனதில் வைத்து முகர்ந்தாலும் அதன் சாயல் கிடைப்பதுபோல் தோன்றும். பச்சையும் மஞ்சளும் கலந்த கட்டத்தில் பறித்து, கொக்கியைக் கொடியிலேயே விட்டு, சிறு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அறை முழுதும் இரண்டு நாள் மணக்கும். பூவோடு சேர்த்துக் கொக்கியையும் ஒடிப்பது வேண்டாம். வேரை மருந்துக்கென்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மலேரியாவுக்கு எதிராகச் செயல்படும் யிங்ஜாவோசு என்ற சேர்மத்தைச் சீன ஆய்வாளர்கள் 1979-இல் இதன் வேரிலிருந்துதான் பிரித்தார்கள் என்பது உண்மை. அது ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பொருள், வீட்டுக் கஷாயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பாம்பு விஷயம். பூவின் மணத்துக்குப் பாம்பு வருவதில்லை. ஆனால் அடிவரை அடர்ந்த எந்தப் புதரிலும் எலி, ஓணான், தவளை தங்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். தாழம்புதருக்கும் இதே பெயர் வந்தது இப்படித்தான். தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு, அடியில் செங்கல், ஓடு, விறகு எதுவும் அடுக்காமல், மூடாக்கு கனத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் அந்தக் கவலை தீரும். மாதாமாதம் கத்தரிக்க வேண்டும் என்று கை பரபரத்தால் இந்த அடிப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே கொக்கி வருவது குறைவு, பூவுக்கு இழப்பில்லை.

உங்கள் கொடிக்கு இனி இரண்டு மழைக்காலம் அவகாசம் கொடுங்கள். இப்போதிருக்கும் பக்கக் கிளைகளை வெட்டாமல் விட்டால் அடுத்த கோடைக்குள் சில கொக்கிகளாவது தெரிய வேண்டும். தலை வெயிலில் இருந்தும், தழைச்சத்தைக் குறைத்தும், இரண்டாவது மழை முடிந்தும் ஒரு கொக்கிகூட இல்லையென்றால் செடியின் இனத்தையே சந்தேகப்படுங்கள். அப்போதும் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. இரண்டடி தள்ளி, பூத்த கொடியிலிருந்து எடுத்த பதியக் கன்று ஒன்றை நட்டு, அதே கம்பியில் ஏற்றிவிடுங்கள்.